பாப்பாவின் தோட்டத்துப் படங்கள்

சிவப்புப் பூவைப் படம் எடுப்பதுதான் ரொம்பக் கஷ்டம். வெயில் ஏறிவிட்டால் இதழில் இருக்கும் நரம்பெல்லாம் காணாமல் போய், படத்தில் வெறும் சிவப்புத் திட்டுதான் மிஞ்சும். அதனால் செம்பருத்தியை நான் எப்போதும் இளவெயிலிலேயே எடுத்துவிடுவேன். பின்னால் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காற்று நின்று பூ ஆடாமல் இருக்கும் ஒரு நொடி வரும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறைய உண்டு. டீ வேண்டாம், நீங்கள் குடியுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ள வசதியாக நான் மெதுவாகவே சொல்கிறேன்.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கீழே நானும் என் வீட்டுக்காரரும். மாடியில் என் தங்கை. அவள் கணவர் காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைத்த பிறகும் பாப்பாதான். பிறந்தபோது எனக்கும் ஏதாவது செல்லப்பெயர் இருந்திருக்கும். அவள் பிறந்த அன்றே நான் அக்கா ஆகிவிட்டேன். என்னைவிட மூத்தவர்கள்கூட என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

செடிகளை வைத்தது அவள். அதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. படம் எடுத்தது நான். தினமும் காலையில் ஒரு பூ. அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். உடனே பதில்கள் வரும். ‘பாப்பா கை ராசியே ராசி.’ ‘பாப்பா, எனக்கும் ஒரு பதியன் கொடு.’ ஒருமுறை ரோஜா இதழின் ஓரத்தில் நின்ற ஒரே ஒரு நீர்த்துளியை எடுத்திருந்தேன். அந்தத் துளிக்குள் தோட்டம் முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. முட்டி தேய ஈர மண்ணில் மண்டியிட்டு எடுத்த படம். அதற்கு எங்கள் சித்தி மகள், ‘பூவோடு சேர்ந்து நாரும் மணக்குது, அக்காவும் போட்டோகிராபர் ஆயிட்டாங்க’ என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று போட்டாள். நார் நான். எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் காரணம் அதுதான் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வயிற்றெரிச்சல் யாருக்குத்தான் இல்லை.

பாப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தது தானாக நடந்தது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மாடி அறையில் படுக்கையானாள். அந்த அறையின் ஜன்னல் தெருப்பக்கம். அங்கிருந்து தோட்டம் தெரியாது. சாப்பாடு, துணி மாற்றுவது, முதுகு துடைப்பது எல்லாம் நான்தான். ஒரு நாள் முகம் சுளித்திருப்பேனா என்று யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள், ‘இப்படி ஒரு அக்கா கிடைக்க பாப்பா கொடுத்து வச்சிருக்கணும்’ என்று. கவனியுங்கள், அதிலும் புண்ணியம் அவளுடையதுதான்.

தினமும் காலையில் எடுத்த படங்களை அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

“இலைக்கு அடியில வெள்ளைப் பூச்சி வந்திருக்கு பாரு. மருந்து அடிச்சியா?”

“அடிச்சேன். வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பார்த்தியா?”

“எந்த வெளிச்சம்?” என்றாள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் நேராக மாடிக்குப் போவார். “என்ன பாப்பா, இன்னிக்கு என்ன பூத்திருக்கு?” என்று படுத்திருப்பவளிடம் கேட்பார். அவள் என் படங்களை அவருக்குக் காட்டுவாள். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கீழே அடுப்படிவரை கேட்கும். தப்பாக ஒன்றும் இல்லை, இருவரும் நல்லவர்கள். பார்த்துப் பார்த்து எடுத்தவள் கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் மழையில் டேலியா ஒன்று அழுகித் தொங்கியது. அன்று அதை எடுத்தேன். நல்ல படம். பழுப்பில் எத்தனை விதம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பாப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். சாயங்காலம் மாடியில் சிரிப்புச் சத்தம் இல்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு தினமும் அப்படியே. புழு அரித்த மொட்டு. உதிர்ந்த சாமந்தி. கருகிய நுனி. ஒரு படத்திலும் நான் கைவைத்து எதையும் மாற்றவில்லை. பக்கத்திலேயே பத்துப் பூ மலர்ந்திருந்தால் அது ஃபிரேமுக்கு வெளியே இருக்கும், அவ்வளவுதான். எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பதில்தான் படம் எடுப்பவரின் திறமை இருக்கிறது.

“ஒண்ணுகூடவா நல்லா இல்ல, அக்கா?”

“நானும் தண்ணி ஊத்திட்டுதான் இருக்கேன், பாப்பா. என்னமோ தெரியல.”

அவள் சரியாகச் சாப்பிடாமல் ஆனாள். பயிற்சி கொடுக்க வரும் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா காலைத் தூக்கவே மாட்டேங்கறாங்க. அவங்க மனசு வச்சாத்தான் நடக்க முடியும். இப்படியே படுத்துட்டாங்கன்னா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது” என்றாள். பாவம், சின்னப் பெண், கண் கலங்கிவிட்டாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். குரூப்பிலும் அந்தப் படங்களைப் போட்டேன். ‘பாப்பா படுத்ததும் தோட்டமும் படுத்துடுச்சு, செடிக்குக்கூட அவ மேல எவ்வளவு பாசம் பாரு’ என்று பதில் வந்தது. செத்தாலும் அவள் பேர்தான்.

என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசல் பக்கம்தான். பின்பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் அந்த வாரம், “ஞாயித்துக்கிழமை நானே போய் நல்ல பூவா ரெண்டு பறிச்சுட்டு வந்து அவ கையில கொடுக்கறேன்” என்றார். பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். என் படங்களும் பொய்யாகிவிடக் கூடாது. அதனால் சனிக்கிழமை பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒவ்வொரு செடியின் வேரிலும் ஊற்றினேன். சத்தம் ஒன்றும் வராது. மண் கொஞ்சம் ஆவி விடும். சின்னச் செடிகளெல்லாம் மறுநாளே துவண்டுவிட்டன. ரோஜாவில் பூ மட்டும்தான் தொங்கியது, அதன் தண்டு காய பிறகும் சில நாள் ஊற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். அந்த ரோஜா கட்டையாக நின்றதை ஒரு காலையில் எடுத்து அனுப்பினேன். பாப்பா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தவள், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அடித்தண்டைப் பாரு. ஊசிமுனை அளவு பச்சை தெரியுது. உயிர் இருக்கு.”

எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

“எவ்வளவு தெளிவா எடுத்திருக்க. வேற யார் எடுத்திருந்தாலும் இது கண்ணுல பட்டிருக்காது.”

இத்தனை வருஷத்தில் அவள் என் படத்தைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“உனக்குச் செடி பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. நான் கீழ வந்து கை வச்சேன்னா எல்லாம் எழுந்துடும், பாரேன்.”

அன்றே பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடந்தாள். பிறகு வராந்தாவரை நடந்தாள். பயிற்சிப் பெண் கைதட்டி, “உங்களுக்குச் செடிதாம்மா மருந்து” என்று சிரித்தாள். போகும்போது என்னிடம், ஆள் பிடித்துக்கொள்ளாமல் படியில் மட்டும் இறங்க விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் பழையபடி மாடிக்குப் போக ஆரம்பித்தார். சிரிப்புச் சத்தமும் கேட்டது.

அவளைக் கீழே வரச் சொன்னது நான்தான். வீட்டில் வேறு யாரும் இல்லாத காலைப் பொழுது. மாடிப்படி வெளிப்பக்கம் இருக்கிறது. பாதியில் திரும்பும் இடத்தில் கைப்பிடிக் கம்பி உடைந்து போய் ரொம்ப நாள். கீழே சிமெண்ட் தரை. நான் அந்தத் திருப்பத்தில் நின்றுகொண்டு, “வாக்கரை அங்கேயே விட்டுட்டு வா, நான் பிடிச்சுக்கறேன்” என்றேன். கேமரா கழுத்தில் தொங்கியது. அது எப்போதும் இருப்பதுதான்.

சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினாள். தோட்டத்துப் பக்கம் அவள் திரும்பவே இல்லை, என்னை மட்டும்தான் பார்த்தாள். வெயில் பக்கவாட்டில் முகத்தில் விழுந்தது. சுவர் முடிகிற இடம் வந்ததும் சிரித்துக்கொண்டே, “கையைக் கொடுக்கா” என்று கையை நீட்டினாள். நான் இரண்டு கையாலும் கேமராவை எடுத்தேன். மூச்சை அடக்கினேன். அவள் ஆடாமல் நின்ற ஒரு நொடி வந்தது. பிறகு அவள் நிற்கவில்லை.

லென்ஸுக்கு மூடி போட்டேன். தூசி பட்டால் கெட்டுவிடும். கீழே இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு இருந்தது. அது நின்ற பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும் அன்று ஸ்டேஷனிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தவறி விழுந்தது என்று எழுதிக்கொண்டு போனீர்கள். உறவுக்காரர்கள், ‘செடி மேல உயிரையே வச்சிருந்தா, கடைசியில செடிக்காகவே உயிரை விட்டுட்டா’ என்று அழுதார்கள். சுவரில் மாட்ட நல்ல படம் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது, நான் அந்தப் படத்தைக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் நீட்டிய கையை வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். ‘தோட்டத்தைப் பார்த்து எப்படிச் சிரிக்கிறா பாருங்க, உயிரோட இருக்கற மாதிரியே இருக்கு’ என்றார்கள். அவள் தோட்டத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அத்தனை பேர் வந்தார்கள். படத்தை எடுத்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அதனால்தான் நானே கிளம்பி வந்தேன். இந்தக் கவரில் வெட்டாத முழுப்படம் இருக்கிறது, கையும் இருக்கிறது. மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே மட்டும் என் பெயரைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.