டார்ச் வெளிச்சமும் பால்சுறாவும்

1. படப்பையில் மீன்காரம்மா கூடையோடு பஸ்சில் ஏறினார்.
2. பக்கத்து இருக்கைக்காரர், பிள்ளை பெற்ற மனைவிக்குப் பால் ஊறப் புட்டு செய்யப் பால்சுறா வாங்கினார்.
3. வாங்கியபின், "இருட்டுத் தண்ணியில இதுக்குக் கண்ணு தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"கலங்கல்ல கண்ணு இன்னா பண்ணும்? மூஞ்சி பூரா ஊசி குத்துனாப்புல ஓட்டை கீது பாரு. மணல்ல பொதைஞ்ச மீன் துடிச்சாக்கூட அதுல தெரிஞ்சிடும்."

வாங்கியவர் சுறாவின் மூக்கை வெகுநேரம் தடவினார். "எம் புள்ளைக்குப் பார்வை இல்லைன்னுட்டாங்க."

"அவன் அம்மா பக்கத்துல வந்தா?"

"சத்தமில்லாம வந்தாலும் காலை ஒதைப்பான்."

"நீ வந்தா?"

"தெரியலம்மா. நான் அவன் கண்ணுல டார்ச் அடிச்சுத்தான் பார்த்துகினு இருக்கேன்."

"அடிச்சது போதும்பா. வெறுங்கையோட போ."

வல்லக்கோட்டையில் அவர் இறங்கினார். குழந்தைக்கு முப்பது நாள். டார்ச் இல்லாமல் அப்பா இதுவரை அருகில் போனதில்லை.