உலகநாதன் சிவப்பு

எங்கள் கல்லூரி கேன்டீனில் மெதுவடை பதினொன்றரைக்கே தீர்ந்துவிடும். அதனால் பத்தே முக்கால் இடைவேளையிலேயே ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே மேசையில் கூடிவிடுவோம். நான் கொஞ்சம் வேடிக்கையாகப் பேசுகிறவன். கமலக்கண்ணன் வந்தால்தான் வடைக்கே ருசி என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. ‘உலகநாதன் சிவப்பு’ என்ற சொல்லை உண்டாக்கியது யார் என்று விசாரணைக் குழுவில் கேட்டீர்கள். அந்த மேசையில் உட்கார்ந்து நான்தான் உண்டாக்கினேன்.

உங்களில் இரண்டு பேர் வணிகவியல்காரர்கள் என்பதால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். பெனடிக்ட் என்ற அமெரிக்கர் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு நீலக் கரைசலைச் செய்தார். அதில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறும். நிறைய இருந்தால் செங்கல் சிவப்பு. கண்டுபிடித்தவர் பெயரையே வைத்து பெனடிக்ட் சோதனை என்கிறோம். நம் மூலக்குளத்திலேயே தெருவுக்கு ஒரு லேப் இருக்கிற இந்தக் காலத்தில் இதை யாரும் செய்வதில்லை. எங்கள் முதலாண்டு உயிர்வேதியியல் பிள்ளைகள் மட்டும் பாடத்திட்டத்துக்காகச் செய்வார்கள்.

உலகநாதன் என்னோடு வேலை பார்த்தவர். பாகூர்க்காரர். பேச்சில் ரொம்பக் கறார். நான் வகுப்பில் “சர்க்கரை இல்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். கதவோரம் நின்று, பிள்ளைகள் முன்னாலேயே, “இல்லைன்னு சொல்லாதீங்க சார், இந்தச் சோதனைல தெரியலைன்னு சொல்லுங்க” என்பார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அதுதான் தொந்தரவு.

போன வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. துறைத்தலைவர் பதவிக்கு அவர் பெயரும் என் பெயரும் போயிருந்த சமயம். சோதனையைச் செய்துகாட்டும் பொறுப்பை முதல்வர் உலகநாதனிடம் கொடுத்தார். அவர் முறைப்படி, காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரை முதல் குழாயில் விட்டுச் சூடாக்கினார். அது நீலமாக நிற்க வேண்டும். அழகான செங்கல் சிவப்பாக நின்றது. வந்திருந்த ஒரு அம்மையார், “இந்தத் தண்ணிக்கு எத்தினி வருஷமா சுகர் சார்?” என்று கேட்டார். முதல்வர்கூடச் சிரித்துவிட்டார். அன்றைக்கு வடை மேசையில் நான் பெயர் வைத்தேன். உலகநாதன் சிவப்பு: இல்லாததை இருப்பதாகக் காட்டும் முடிவு.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் முழுமைக்காகச் சொல்கிறேன். விளையாட்டு விழாவில் மிஞ்சிய குளுக்கோஸ் பொடியில் மூன்று ஸ்பூன் எடுத்து அந்தத் தண்ணீர் பாட்டிலில் போட்டது நான். கரைந்த பிறகு பார்த்தால் தெரியாது. அடுத்த மாதம் நான் துறைத்தலைவரானேன். முதலில் வந்து கை கொடுத்தவர் உலகநாதன்தான். நல்ல மனுஷர்.

ஒரு சொல் பிழைப்பதும் சாவதும் அதைப் பேசுகிறவர்கள் கையில் இருக்கிறது. இது நன்றாகவே பிழைத்தது. வில்லியனூர் பஸ் வந்துவிட்டது என்று யாராவது கத்தினால், “உலகநாதன் சிவப்புடா, நம்பாத” என்பார்கள். ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள் என்று எவனாவது சொன்னாலும் அதே பதில். பிறகு பிள்ளைகள் அதை ‘உ.சி.’ என்று சுருக்கிவிட்டார்கள். அலுவலக உதவியாளர் பாக்யராஜ்கூட, சம்பளம் ஏறிவிட்டது என்று மெசேஜ் வந்தால், “உ.சி.யா இருக்கப்போவுது சார்” என்பார். உலகநாதனும் சிரிப்பார். ஆனால் எந்தச் சோதனையையும் மூன்று தரம் செய்ய ஆரம்பித்தார். அப்புறம் அதுவும் போதாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். பீரோவைப் பூட்டினால்கூட, “பூட்டியிருக்குதானே சார்?” என்பார்.

இந்த ஆகஸ்டில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு பெனடிக்ட் சோதனை வந்தது. அவரவர் சிறுநீரை அவரவரே சோதிக்க வேண்டும். வெட்கம், சிரிப்பு, ஒரே அமளி. செல்வகுமாரி என்று ஒரு பெண். கரையாம்புத்தூர். அப்பா கரும்பு போடுகிறவர். சேர்ந்தபோது இருந்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தாள். இதை நான் கவனித்தேன். நான் எதையும் கவனிக்கிறவன்.

முப்பத்தொரு குழாய் நீலமாக நின்றது. அவளுடையது மட்டும் செங்கல் சிவப்பு.

“கரும்புக் கொல்லைய மேஞ்சுட்டு வந்தியாடி?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். உலகநாதன் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என் பக்கம் திரும்பினார்.

“கரைசல் சரியா இருக்குதா சார்?”

கரைசல் சரியாக இருந்தது. அன்று காலை நானே தயாரித்து, வெறும் தண்ணீரிலும் குளுக்கோஸிலும் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக இருந்தார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

“நீங்க தொட்டா எந்தத் தண்ணி சார் நீலமா நிக்குது?” என்றேன்.

கூரை அதிர்ந்தது. செல்வகுமாரியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இன்னொரு தபா பண்ணட்டா சார்?” என்று கேட்டாள். உலகநாதன் என்னைப் பார்த்தார். மணியாகிவிட்டது என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே குழாயைத் தொட்டியில் கவிழ்த்தார். அவள் நோட்டில் முடிவு என்ற இடத்தில் ‘உ.சி.’ என்று எழுதினாள். துறைத்தலைவர் என்ற முறையில் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் அவளுக்கு வாந்தி வந்து, மூச்சு வாங்கியிருக்கிறது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து வீட்டில் இளநீரும் ஜூஸும் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நினைவில்லை. சர்க்கரை அளக்கிற மெஷினில் எண்ணே வரவில்லையாம், அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியதாம். இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள்.

உலகநாதன் வேலையை விட்டுவிட்டார். ‘கண்ணெதிரே இருந்ததை நான் நம்பவில்லை, தவறு என்னுடையதுதான்’ என்று அவர் எழுதிய கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. சொல்லில் கறாரானவர் என்று சொன்னேன் அல்லவா, அதனால் அந்தக் கடிதத்தை நான் மறுக்கவில்லை.

போன திங்கட்கிழமை செல்வகுமாரியின் அம்மா பாக்யலட்சுமி சான்றிதழ் வாங்க வந்தார். நோட்டுகளையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். என் மேசைக்கு எதிரே நின்று ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

“உ.சி.ன்னா இன்னா சார்? மத்த பக்கத்துல இல்லியே. நல்லாப் பண்ணதுக்குப் போடுறதா?”

“ஆமாம்மா” என்றேன்.

முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்து, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். இவ்வளவு நடந்ததில் அந்த அம்மாவுக்கு ஏதோ கொஞ்சம் ஆறுதல் கொடுத்தது நான் ஒருவன்தான் என்பதையும் நீங்கள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அவரிடம் நான் பொய்யும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்த நோயைக் கண்டுபிடித்தது அவர் மகள் ஒருத்திதான்.