போளூர் ரோட்டுத் தைல மரங்கள்

மதீனா பீவி போடும் இஞ்சி டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். நான் குறை சொன்னதில்லை. போளூர் ரோட்டில் மரங்களைப் பார்வையிடப் போகும் நாளெல்லாம் அங்கேதான் டீ குடிப்பேன். அவரும் கணவர் இப்ராம்சாவும் நடத்திய கடை. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு பெரிய தைல மரம்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. பேரூராட்சியில் பொது மரங்களைச் சோதிப்பது என் வேலை. மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் காது வைத்துக் கேட்பேன். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும். அந்த ரோட்டோரத் தைல மரங்கள் எல்லாமே எனக்கு மாறித்தான் கேட்டன. வெட்ட வேண்டும் என்று ஆண்டுதோறும் மன்றக் கூட்டத்தில் சொன்னேன். மதுரையிலிருந்து ஒரு நிபுணர் வந்து, கருவி வைத்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கருவிகளை நான் நம்புவதில்லை.

போன சித்திரையில் நடந்த கூட்டத்தில் தலைவர் தமயந்தி பொறுமையாகத்தான் கேட்டார்.

“நீங்களும் வருஷா வருஷம் விழுந்துரும் விழுந்துரும்ங்கிறீங்க. இதுவரைக்கும் ஒரு மரமாச்சும் ஆள் மேல விழுந்திருக்கா சார்?”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமான கேள்வி. ஒரு மரம் விழுந்துவிட்டால் மற்றவற்றை வெட்டிவிடலாம். எத்தனையோ பேர் பிழைப்பார்கள். வீட்டுக்கு நடந்து போகும்போதே இது எனக்குத் தெளிவாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய மரத்தைத்தான் முதலில் நினைத்தேன். குழந்தைகள் என்பதால் விட்டுவிட்டேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். டீக்கடை மரத்தடியில் ஆள் நடமாட்டம் குறைவு.

வைகாசியில் ரோட்டோரம் மழைநீர் வாய்க்கால் வெட்டினார்கள். மேற்பார்வை என்னுடையது. கடைக்குப் பின்னால், மரத்தின் மேற்குப் பக்கத்தை ஒட்டி வெட்டச் சொன்னேன். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வரும்; அந்தப் பக்கத்து வேர்கள்தான் மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும். மேஸ்திரி சேனாதிபதி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு தயங்கினார்.

“சார், இம்புட்டுப் பெரிய வேரை அறுத்துப்புட்டா மரம் நிக்குங்களா?”

“நிக்கும். மத்த பக்கம் வேர் கெடக்குல்ல. வெரசா சோலிய முடிங்க.”

மேலே சிலாப் போட்டு மூடிவிட்டோம்.

ஆடி பிறந்ததும், டீயை நீட்டிக்கொண்டே மதீனா பீவி கேட்டார்.

“காத்தடிச்சா மரம் முனகுற மாதிரி சத்தம் வருதுங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன். ரெண்டு நாளைக்குக் கடைய அடைச்சுரட்டுமா?”

நான் தட்டிப் பார்த்தேன். அவர் அடுப்பை விட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மரம் நல்லா இருக்கும்மா. பயப்படாம கடையப் போடுங்க.”

“நீங்க சொன்னாச் சரிங்க” என்றார். அன்று டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் காற்று வந்தது. இப்ராம்சா பால் வாங்கப் போயிருந்தார். மதீனா பீவியின் உடலை வெளியே எடுக்க மரத்தைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டியிருந்தது. கிளாவரைக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சௌம்யா என்ற கல்லூரி மாணவியும் அடியில் கிடந்தாள். அவளை நான் எதிர்பார்க்கவில்லை. ஆட்களோடு சேர்ந்து நானும் கிளைகளை இழுத்துப் போட்டேன். இப்ராம்சா பால் கேனைக் கீழே வைக்காமலே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்குன்னுதான சார் சொன்னீங்க.”

எனக்கு ஆறுதல் சொல்வதாகவே அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. தமயந்தி என்னை நிமிர்ந்து பார்க்காமல் தலையசைத்தார். ரோடு முழுக்க வெட்ட உத்தரவு வந்தது.

வெட்டி முடித்ததும் சேனாதிபதி ஒவ்வொரு அடிக்கட்டையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்து நின்றபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“ஒண்ணுலகூடப் பொந்து இல்லீங்க. அம்புட்டும் வைரம் பாஞ்சு கெடக்கு. டீக்கடை மரமும் அப்படித்தான் இருந்துச்சு சார்.”

அங்கிருந்து நேராக அவர் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அடிக்கட்டைகளை நானும் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. ஆனால் அழுகல் என்றைக்காவது தொடங்கத்தானே செய்யும், ஐயா. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.