டிவியில் ரெண்டு கொடி

நிர்மலா: ...அந்த சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணுடா கலை. நியூஸா, பாரதக் கூத்தான்னே தெரியல.

கலையரசன்: இரு அக்கா. இப்பதான் சூடு புடிக்குது. அவன் நம்ம சரக்குக்கு வரி போட்டான். நாம வுடுவமா? திருப்பிப் போட்டுட்டோம். "பதிலடி"ன்னு செவப்புல ஓடுது பாரு.

நிர்மலா: ரெண்டு கொடிய முட்ட வுட்டு மேளம் வேற அடிக்கறான். மேட்ச்சு மாதிரி.

கலையரசன்: மேட்ச்சுன்னதும்... பாவாடை மாமா வூட்டு ஜன்னலு ஞாபகம் வருதாக்கா?

நிர்மலா: வராம? என் தோளு மேல நீ ஏறிக்குவ. உனக்கு டிவி தெரியும், எனக்கு உன் முட்டிதான் தெரியும்.

கலையரசன்: ஸ்கோர் சொல்லிக்கினே இருந்தேன்ல?

நிர்மலா: சொன்ன, சொன்ன. நம்மாளு அவுட்டானா மட்டும் வெளம்பரம் போடறான்னுவ.

கலையரசன்: தோத்தா நீ சோறு துன்ன மாட்டியே... அதுக்குத்தான்.

நிர்மலா: ஒரு தபா தோத்த மேட்ச்ச ஜெயிச்சிட்டோம்னு நீ சொல்லி, நான் தெருவெல்லாம் கத்திகினு ஓடினேன். ரிஷிவந்தியம் ஊரே சிரிச்சிது.

கலையரசன்: ஒரு வாரம் பேசலியே நீ.

நிர்மலா: நல்ல நாளுடா அதெல்லாம். தோத்தாலும் மறுநாளு பொழப்பு அப்படியே இருந்துச்சி.

கலையரசன்: ...திங்கக்கெழம திருப்பூரு போவணும்ல?

நிர்மலா: பாக்கலாம். லீவு இருக்குது.

கலையரசன்: பத்து நாளாச்சிக்கா. பனியன் கம்பெனில இவ்ளோ லீவா?

நிர்மலா: ஏன், தம்பி வூட்ல ஒக்காந்து துன்றது கணக்குல வருதா?

கலையரசன்: ஐய... நான் அப்படியா சொன்னேன்?

நிர்மலா: சரி, அந்தக் கோட்டுக்காரன் இன்னா சொல்றான்?

கலையரசன்: நாம பணிய மாட்டோமாம். அவன்தான் ஆடிப்போயிட்டானாம்.

நிர்மலா: அடிச்சான், திருப்பி அடிச்சோம்... இதையே சொல்லிக்கினு இருக்கான். அடி யார் மேல உழுந்துச்சின்னு ஒருத்தனும் சொல்லல.

கலையரசன்: இந்தா, சவுண்ட கம்மி பண்ணிட்டேன். சொல்லுக்கா.

நிர்மலா: கலை... நான் லீவுல வரலடா. வெளிநாட்டு ஆர்டர் நின்னுபோச்சி. கம்பெனிய மூடிட்டாங்க. பதினாலு வருசம் தெச்ச மெஷின தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு...

கலையரசன்: தெரியும்க்கா. நீ வந்த அன்னிக்கிக் காலையிலயே டிவில காட்டுனான். ரெண்டே செகண்டு. பூட்டுன கேட்டு, வெளிய முந்தானையால வாயப் பொத்திகினு நீ. அன்னிக்கிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல உன்னப் பாத்ததும், டீ குடிக்க வந்தேன்னு சொன்னேன்ல... காலையிலருந்து சேலம் பஸ்ஸு ஒண்ணு வுடாம ஏறி எறங்கி உன்னத்தான் தேடிக்கினு இருந்தேன்.