தகவல் வந்த உடனே

சிறில்: அந்த இங்கிலிஷ் பேரு என்னா மச்சான்? நேத்து புத்தகத்துல வாசிச்சுக் காட்டுனீங்களே... அணுகுண்டு கத.

நோபர்ட்: லோஞ்ச் ஒன் வோர்னிங். ஏன்டா, கலவரத்துல மாத்தளையில நம்ம தமிழ்க் கடையெல்லாம் எரியுது, தோட்டத்து லய வீடுகள்ல சனம் நடுங்குது. இந்த நேரத்துல ஒனக்கு அணுகுண்டு கேக்குதா?

சிறில்: சும்மா சொல்லுங்களேன். தோட்டத்து கிளாக்கர், படிச்சவரு...

நோபர்ட்: எதிராளி குண்டு ஏவிட்டான்னு தகவல் வருதுன்னு வை. அது வந்து விழட்டும்னு இவன் பாத்துக்கிட்டு இருக்கமாட்டான். தகவல் கெடச்ச ஒடனே இவனும் ஏவிருவான்.

சிறில்: அப்ப... அது நாயந்தானே?

நோபர்ட்: தகவல் பொய்யா இருந்தா?

சிறில்: திருப்பி எடுக்க ஏலாதா?

நோபர்ட்: ஏவுனா ஏவுனதுதான். ஏன்டா, காலெல்லாம் சேறு... எங்க போயிட்டு வாற?

சிறில்: ஆத்துப் பக்கம்.

நோபர்ட்: அங்க என்னா வேல?

சிறில்: பலாபத்வலயில கலவரக்காரனுங்க லொறி ஏறிட்டாங்க, நம்ம தோட்டத்துக்குத்தான் வாறாங்கன்னு நம்ம லயத்து அழகமுத்து ஓடி வந்து சொன்னான். லயம் பூரா பொம்பளைங்க, புள்ளைங்க... நாங்க என்னா செய்ய?

நோபர்ட்: என்னா செஞ்சீங்க? சொல்லித் தொலை!

சிறில்: தோட்டத்துக்கு வாற ஆத்து மரப்பாலத்துக்கு அடியில உத்தரத்த அறுத்து வச்சோம். மேல பாத்தா தெரியாது.

நோபர்ட்: ஐயோ மாதாவே! எப்ப?

சிறில்: காலையில. லொறி... வந்திருச்சு மச்சான். இப்பதான். பாலத்தோட ஆத்துல கவுந்திருச்சு.

நோபர்ட்: நீல லொறியா?

சிறில்: ஏன் கேக்குறீங்க?

நோபர்ட்: கேட்டதுக்குச் சொல்லுடா! நீல லொறியா?

சிறில்: ஆமா... ஒங்களுக்கு எப்புடி...

நோபர்ட்: நான் கூப்பிட்ட லொறிடா அது! நம்ம சனத்த வஹகோட்டை வேதக் கோயில்ல கொண்டு போய் வைக்க. வெளிய தெரிஞ்சா வழி மறிப்பாங்கன்னு ஒருத்தருக்கும் சொல்லல. ஒனக்குக் கூட சொல்லல, பாவி நான்!

சிறில்: ஐயோ...

நோபர்ட்: டிரைவர் கோயில் ஊரு சிங்கள ஆளு. தோட்டத்துக்கு வழி தெரியாது. வழி காட்ட ஒங்கக்கா மார்ஜரி முன் சீட்டுல... டேய், வா, ஓடு! கயிறு எடு! ஏன்டா நிக்கிற?

சிறில்: ஆத்துக்குள்ளேருந்து ஒரு பொம்பளக் கொரல் கேட்டிச்சு மச்சான். தமிழ்ல கத்துச்சு. ஏமாத்துறானுங்க, ஒருத்தரும் எறங்காதீங்கன்னு நான்தான் தடுத்தேன்... பொறகு சத்தம் நின்னுபோச்சு.