கோணல் பலகையில் ஆறாவது கையெழுத்து

எங்கள் ஷெட்டில் டீ நன்றாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். பத்து வருஷமாக நான்தான் போடுகிறேன், பத்து வருஷமாக எல்லோரும் குறை சொல்லிக்கொண்டே குடிக்கிறார்கள். அதையெல்லாம் மலரில் போட வேண்டாம். பத்தாண்டு மலர் என்றால் நல்ல படம், நல்ல சேதி, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது, இந்த ஒரு ஷெட்டிலிருந்து எப்படி இத்தனை புதுப் பொருள் வெளியே வந்தது என்று. இதை ராஜசேகரன் சாரிடம் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார், உங்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டிக் கிடந்த இந்த ஷெட்டை எண்பத்தாறில் பிடித்தார். ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து ஆறு அறையாக்கினார். சொந்தத் தொழில் செய்யும் ஆசை மட்டும் இருந்து, இடமும் மெஷினும் இல்லாத ஆறு பேரை உள்ளே விட்டார். லேத் பொது, சோதனை மேஜை பொது, போன் பொது. பொருள் தேறிவிட்டால் வெளியே போய்த் தனி ஷெட் போட வேண்டும், அறை அடுத்த ஆளுக்கு. எஸ்டேட்டில் எங்களைக் கோழிப்பண்ணை என்பார்கள். பொரித்து வெளியே விடுகிறோமாம்.

அவர் போட்ட சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, டீயை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, நடு மேஜைக்கு வந்துதான் குடிக்க வேண்டும். இரண்டாவது, அதோ அந்தக் கரும்பலகை. கோணல் பலகை என்று பெயர். சரியாக வந்ததை யாரும் எழுத வேண்டாம், கோணலாகப் போனதை மட்டும் எழுத வேண்டும். எழுதியதை ஆறு பேரும் படித்து, கீழே பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். ஆறு எழுத்தும் விழுந்த பிறகு நான் எல்லாவற்றையும் பலகை நோட்டில் பார்த்து எழுதிக்கொண்டு துடைத்துவிடுவேன். யார் எப்போது வந்தார்கள் என்று எழுதும் வருகை நோட்டும் என் பொறுப்புதான். ஒருவன் விழுந்த பள்ளத்தில் இன்னொருவன் விழக் கூடாது என்பது சாரின் கணக்கு.

நல்ல கணக்குதான். ஆனால் உண்மையில் ஷெட்டை ஓட்டியது நான். சிரிக்காதீர்கள். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் பெட்டியில் நாலு குடும்பத்தின் கதை எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் குணத்தை வெளியே கழற்றி வைத்துவிட்டா உள்ளே வர முடியும்? சாமுண்டீஸ்வரி மிக்ஸி ஜாடிக்கு ரப்பர் வாஷர் செய்துகொண்டிருந்தாள். சூடு பட்டால் அவள் வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்கும். சைக்கிள் விளக்கு செய்த கன்னியப்பன், சூட்டைத் தாங்கும் ஏதோ ஒரு ரப்பரை வேண்டாம் என்று மூலையில் எறிந்திருந்தான். இவள் அழுததை அவனிடம் சொன்னேன், அவன் எறிந்ததை இவளிடம் சொன்னேன். இரண்டே மாதத்தில் வாஷர் சூட்டைத் தாங்கி நின்றது. மலரில் அதைக் கூட்டு முயற்சி என்று போடுவீர்கள். போடுங்கள். எஸ்டேட்டில் அதற்கு வேறு பெயர், கஸ்தூரியின் வாய்.

வேதமுத்துவுக்கும் அப்படித்தான் நடந்தது.

வேதமுத்து மூன்றாம் அறை. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் குடியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் சட்டையைப் போலவே எல்லா நாளும் இஸ்திரி போட்ட சட்டை. விடுதிகளுக்கு ஒரே தடவையில் இருநூறு இட்லி வேகவைக்கும் நீராவிப் பெட்டி செய்துகொண்டிருந்தான். மூடியை நாலு திருகு போட்டு இறுக்கி நீராவியை உள்ளேயே அடைத்தால் பாதி நேரத்தில் வெந்துவிடும் என்பது அவன் யோசனை. ஆனால் மூடி ஓரத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதற்கு சாமுண்டீஸ்வரியின் வாஷரைப் பெரிதாகச் செய்து போடலாமே என்று சொன்னது யார்? நான்தான். ஒழுகல் நின்றது. ஒழுகல் நின்றால் உள்ளே அழுத்தம் ஏறும், அது அளவுக்கு மேல் போனால் திறந்துவிட ஒரு வால்வு வேண்டும். அதை ஐந்தாம் அறை கஜபதி செய்து கொடுத்தான். பெட்டி தயார். நாலு பேர் மூளை, ஒரு பெட்டி. உங்கள் மலருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பூந்தமல்லியில் ஒரு விடுதி அந்தப் பெட்டியை வாங்க ஒப்புக்கொண்டது. கையெழுத்தாகும் வரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று வேதமுத்து என்னிடம் சொல்லியிருந்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பத்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் புருஷன் கேன்டீன் சாமான் விற்கிறவன் என்பது எனக்குத் தெரியும்தான், ஆனால் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அவன் மறுநாளே விடுதிக்குப் போய் நின்றிருக்கிறான். வேதமுத்து நாலு நாள் அலைந்து அந்த ஆர்டரை மீட்டான்.

அடுத்த நாள் டீ மேஜையில், எல்லோரும் இருக்கும்போது, கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இனிமே என் விஷயத்துல நீங்க வாயத் தொறக்க வேணாம். நல்லதோ கெட்டதோ, எனக்கு வேண்டியத நான் பலகையிலயே பாத்துக்கறேன்."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அன்றோடு போயிருக்கும்.

"இன்னா மாமே இப்டி சொல்லிட்ட," என்றான் கன்னியப்பன். "அக்கா வாய மூடிச்சின்னா எஸ்டேட்டுக்கே கரண்டு கட்டு."

"கட்டானா ஆவட்டும் நைனா, காதுக்கு ரெஸ்ட்டு," என்றான் கஜபதி.

சாமுண்டீஸ்வரிகூடச் சிரித்தாள். அவள் வாஷர் யாரால் நின்றது என்று அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. நானும் சிரித்தேன். டீயைச் சுற்றிக் கொடுத்தேன். எனக்குக் கோபமே வரவில்லை சார். யார் என்ன சொன்னாலும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது நீலக் கோடு போட்ட சட்டை, இரண்டாவது பட்டனுக்கு வேறு நிற நூல் போட்டுத் தைத்திருந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை, பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேதமுத்து பூந்தமல்லிக்குப் போனான். விடுதியில் அதைப் பொருத்த நாலு நாள், திங்கட்கிழமை காலை முதல் இட்லி. வியாழக்கிழமை கஜபதி சோதனை மேஜையிலிருந்து முகம் வெளுத்து வந்தான். அதே மாதிரி வால்வு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சூடேற்றிப் பார்த்திருக்கிறான். பலகையில் எழுதினான்: புது ஸ்பிரிங் போட்ட வால்வு, முப்பது தடவை சூடானபின் ஒட்டிக்கொள்கிறது, திறப்பதில்லை. யாரும் போட வேண்டாம், போட்டவர்கள் உடனே கழற்றவும்.

"தொறக்கலன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டேன். எனக்கு எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"மூடி பறக்கும்க்கா. எதுர்ல எவன் நின்னாலும் காலி. வேதமுத்துகிட்ட சொல்லணும், அந்த வால்வுதான் அவன் பொட்டில கீது. இங்க சோதிச்சதுலயே முப்பது தடவ கிட்ட சூடாயிருக்கும்."

"வருவான், பாத்துப்பான்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் ஐந்து எழுத்து விழுந்துவிட்டது. ஆறாவது இடம் காலியாக இருந்தது. விடுதியில் போன் இருந்தது, கஜபதிக்கு அது தெரியாது, நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. நானும் போனைப் பார்த்தேன். என் விஷயத்தில் வாயைத் திறக்காதே என்றவனுக்கு நானாகப் போன் செய்து சொன்னால் அது அவனை மதிக்காத மாதிரி ஆகாதா? பலகையில் பார்த்துக்கொள்கிறேன் என்றான். பலகையில்தான் இருக்கிறது. வரட்டும், பார்க்கட்டும்.

ஆனால் கஜபதி சும்மா இருக்கவில்லை. மத்தியானம் மறுபடி வந்து, "அவன் இன்னும் பாக்கலியாக்கா, நான் வேணா ஒரு நடை பூந்தமல்லி போயாறேன்," என்றான். போனால் அவன் சொல்லிவிடுவான். சொன்னால் வேதமுத்து பிழைத்துக்கொள்வான். பிழைத்துக்கொண்டு, கஸ்தூரி இல்லாமலேயே ஷெட் நன்றாக ஓடுகிறது என்று டீ மேஜையில் உட்கார்ந்து சிரிப்பான். அது ஷெட்டுக்கு நல்லதில்லை என்று எனக்குத் தோன்றியது. கஜபதி சாப்பிடப் போன நேரத்தில் சாக்பீஸை எடுத்து ஆறாவது இடத்தில் 'வே' என்று போட்டேன். வேதமுத்து இரட்டைக்கொம்பைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவான். அப்படியே வந்தது.

திரும்பி வந்த கஜபதி, "எப்ப வந்தான்?" என்றான்.

"இப்பதான், நீ சாப்புடப் போன நேரத்துல, ஊட்டுக்குப் போற வழியில எட்டிப் பாத்துட்டுப் போனான்."

கஜபதிக்கு முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அன்றைக்கு டீயில் சர்க்கரை கூடக் கேட்டான். நான் பலகையை நோட்டில் எழுதிக்கொண்டு, ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்தேன். ஆறு எழுத்து விழுந்தால் துடைக்க வேண்டும், அதுதான் சட்டம்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அக்கா, வேதமுத்து பேசறேன். பலகையில புதுசா ஏதாச்சும் இருக்கா?"

அவனே கேட்டுவிட்டான், பார்த்தீர்களா. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "அன்னிக்குப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்கக்கா. தப்புதான். திங்கக்கிழமை மொத இட்லி உங்களுக்குத்தான், எடுத்தாரேன்," என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? சொன்னால், அவன் பெயரை யார் போட்டது என்று கேட்பார்கள். டீ மேஜையில் ஆறு பேரும் என்னைப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்ச சுபாவம் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது.

"பலகை சுத்தமா கீதுப்பா," என்றேன்.

அது பொய் இல்லை. வேண்டுமானால் யாரையும் கேளுங்கள், சனிக்கிழமை பலகை சுத்தமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலை மூடி பறந்தது. முதல் தடவை திறக்கும்போது சமையல்காரர்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் பக்கத்தில் நின்றிருக்கிறான். அதனால் வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். விசாரணைக்கு வந்தவர்கள் பலகை நோட்டைக் கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். எச்சரிக்கை இருக்கிறது, கீழே அவன் எழுத்தும் இருக்கிறது, படித்தும் அலட்சியமாக இருந்துவிட்டான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். கோணல் பலகை முறையை ரொம்பவும் பாராட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற எஸ்டேட்டிலிருந்தெல்லாம் பலகையைப் பார்க்க ஆள் வர ஆரம்பித்தது.

ஏழு வருஷத்தில் யாரும் வருகை நோட்டையும் பலகை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மலருக்குப் படம் எடுக்க வந்த இடத்தில் நீங்கள் வைத்துப் பார்த்துவிட்டீர்கள். அந்த வியாழன் முதல் சனி வரை வேதமுத்து ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை, அப்புறம் எப்படி எழுத்து விழுந்தது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. இரண்டு நோட்டும் என் கையில்தான் இருந்தன, ஒன்றைத் திருத்தியிருக்கலாம். எனக்கு அந்த மாதிரி புத்தியெல்லாம் வராது.

வெளியே போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, உங்களுக்கு வணக்கம் சொன்னாளே, அவள்தான் அருள்செல்வி. வேதமுத்துவின் மனைவி. ராஜசேகரன் சாரிடம் சொல்லி அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது நான். எல்லாவற்றையும் என்னிடம்தான் சொல்லுவாள். "படிச்சுட்டும் அந்த வால்வையே போட்டிருக்காரே அக்கா, எங்கள ஒரு நிமிஷம் நெனச்சுப் பாக்கலையே," என்று இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுவாள். அவன் நினைவு நாள் பூசைக்கு அவள் போவதில்லை. அவ்வளவு கோபம். நான்தான் கண்ணைத் துடைத்து, போனதைப் பேசாதே என்று ஒரு டீ போட்டுக் கொடுப்பேன்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லவா என்று பார்க்கிறீர்கள். உங்கள் இஷ்டம் சார், நான் தடுக்கமாட்டேன். ஆனால் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். என் விஷயத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று அந்த மனுஷன் எல்லோர் முன்னாலும் என்னிடம் கேட்டுக்கொண்டான். எஸ்டேட்டில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், என் ஆயுசில் நான் காப்பாற்றிய வாக்கு அது ஒன்றுதான்.