பேரெழுதின குப்பை

ஐயோ ஓகுமா சான், நீங்க எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறி வந்தீங்க! ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே ஓடி வந்திருப்பேனே. ஆமா, எங்க குப்பைப் பைதான். இல்லேன்னு எந்த வாயால சொல்றது? உள்ள கெடக்கற ஒவ்வொரு சாமான்லயும் ஹொசாகா சியோரி, ஹொசாகா சியோரின்னு எம்பொண்ணு பேரு பளிச்சுன்னு தெரியுதே.

என்னது, குலைச்சுதா? குப்பைக் கூண்டுக்குள்ள கெடந்துக்கிட்டா? போச்சுடா. பொம்ம நாய்க்கு பேட்டரியக் கழட்ட மறந்துட்டேங்க. ரெண்டு வருஷமா வாயே தெறக்கல, இன்னிக்குப் பாத்து ரோஷம் வந்திருக்கு சனியனுக்கு. அதான் குப்பை வண்டிக்காரங்க, பேட்டரியோட எடுக்க மாட்டோம்னு செவப்புச் சீட்ட ஒட்டிட்டுப் போயிட்டாங்களா. அதுவும் குப்பைக் கூண்டப் பாத்துக்கற முறை உங்களுக்கு வந்த வாரத்துல. மானமே போகுது, மன்னிச்சிடுங்க.

எனக்கு மண்ட காயுதுங்க. இருபத்தெட்டாம் தேதிக்குள்ள இதையெல்லாம் கழிச்சுக்கட்டியாகணும். கீழ 104ம் நம்பர் வீட்டுக்குப் போறோம்ல, ஒரே ரூம்பு. அதுல நாங்க படுக்கறதா, பொம்மையப் படுக்கப் போடறதா? பழைய சாமான் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். பேரெழுதினது வேணாம்னுட்டான். பேரெழுதாத சாமான் நம்ம ஊர்ல எந்தப் புள்ள கிட்டங்க இருக்கு? பள்ளிக்கூடத்துல கணக்குப் பெட்டி குடுக்கறாங்களே, எண்ணற குச்சியே நூறு. குச்சிக்குக் குச்சி பேரெழுதி அனுப்புன்னாங்க. நீங்களும் இந்தக் கூத்தெல்லாம் பட்டிருப்பீங்கதானே?

சரி, குப்பையிலயாவது போடலாம்னா இவ விட்டாத்தானே! நான் கட்டி வெப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவ அவுத்து எடுத்துக்குவா. எதையெல்லாம் எடுத்தாங்கறீங்க? கட்டிப்புடிச்சுத் தூங்கின முயலு, அழுது வாங்கின சமையல் செட்டு, ம்ஹூம், எதையும் தொடல. சக்கரமில்லாத ரயிலு, மூடியில்லாத டப்பா, அந்தப் பாழாப்போன குச்சிங்க. குப்பையிலயும் குப்பை! மூணு தடவ கட்டினேன், மூணு தடவயும் அவுத்தா. தொண்டத்தண்ணி வத்தக் கத்திப் பாத்துட்டேன். நேத்து ஒரு அறையும் குடுத்துட்டேங்க. ஏழு வயசுப் புள்ளய. அழக்கூட இல்ல அவ. குச்சியக் கையில புடிச்சுக்கிட்டு, கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா. அதான் இன்னிக்கு அவ அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போனதும் எல்லாத்தையும் வாரிப் போட்டேன். அவசரத்துல நாயக் கவனிக்கல.

அவரா? ம், சப்போரோலதான் இருக்காரு. வேலை மாத்தல்தான்னு சொன்னேனே. பார்லித் தண்ணி குடிக்கறீங்களா? வேணாமா? சரி.

ஒரு நிமிஷம் இருங்க, உங்க முன்னாலயே அவுத்து பேட்டரியக் கழட்டிடறேன். எங்க அந்த நாயி? இது முயலு. இதுல ஒட்டியிருக்கறது நான் பேர அச்சடிச்சு வாங்கின சீட்டு, எழுத எனக்கேது பொறுமை. சமையல் செட்டுலயும் சீட்டுதான். இந்தா ரயிலு. இது பேனாவுல எழுதினது. டப்பாவும் பேனாதான். குச்சி...

இதெல்லாம் அவர் கையெழுத்துங்க. ரெண்டு நாள் சாயங்காலம் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு நூறு குச்சியிலயும் பொடிப்பொடியா எழுதினாரு. இவ பக்கத்துல உக்காந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தா.

சே. இதுக்குப் போயா அடிச்சேன்.

இல்லல்ல, ஒண்ணுமில்லீங்க. கண்ணுல தூசி. பைய இங்கயே விட்டுட்டுப் போங்க. சீட்டு ஒட்டினதெல்லாம் அடுத்த தடவ ஒழுங்காப் பிரிச்சுப் போட்டுடறேன். பேனாவுல எழுதினது ஒரு பெட்டிதான் வரும், 104ல எங்கயாச்சும் சொருகிக்கலாம்.

அப்புறம் ஓகுமா சான், அடுத்த மாசக் குப்பை முறைச் சீட்டுல எங்க பேர மாத்தி எழுதிடுங்க. 104, மொரினோ. அது எங்கப்பா வீட்டுப் பேரு. மாத்தலெல்லாம் இல்லீங்க, போன மாசமே ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சாச்சு. ஹொசாகாங்கற வீட்டுப் பேரு அவரோட போயிடுச்சு. சியோரியும் இனிமே மொரினோதான். கொடை, செருப்பு, நோட்டு, எல்லாத்துலயும் முதல்லேர்ந்து பேரெழுதணும்.

இந்தத் தடவ அச்சடிச்ச சீட்டு வேணாம். கடைக்குப் போறப்ப ஒரு பேனா வாங்கிட்டு வரணும்.